மீண்டும் திருச்சட்டத்தை நோக்கி: தொடக்க கால யூதக் கிறித்தவப் பிரிவுகளும் திருநெல்வேலி இந்து கிறித்தவ சபையும்

ஆய்வுச்சுருக்கம்

கி.பி. முதல் நான்கு நூற்றாண்டுகளில் இயேசுவை மெசியாவாக ஏற்றுக்கொண்டே மோசேயின் திருச்சட்டத்தையும் கைக்கொண்ட யூதக் கிறித்தவப் பிரிவுகள் பற்றிய செய்திகளை இக்கட்டுரை தொகுத்து நோக்குகிறது. 1857இல் நாசரேத்தை அடுத்த பிரகாசபுரத்தில் அருமைநாயகம் சட்டம்பிள்ளை தோற்றுவித்த சபையோடு அவை ஒப்பிடப்படுகின்றன. இவற்றுக்கிடையே வரலாற்றுத் தொடர்ச்சி இல்லை. ஆயினும், ஒரு சமயப் பிரிவைப் பற்றி அதன் எதிர்த்தரப்பார் எழுதியவற்றை எவ்வாறு படிப்பது என்னும் சிக்கலுக்குத் திருநெல்வேலிச் சான்றுகள் ஒளி தருகின்றன என்பது இக்கட்டுரையின் கருத்து.

திறவுச்சொற்கள்: யூதக் கிறித்தவம், எபியோனியர், நசரேயர், சட்டம்பிள்ளை, கால்டுவெல், ஓய்வுநாள், கொடைக்கானல்.

முன்னுரை

இராபர்ட் கால்டுவெல் 1891ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 28ஆம் நாள் பழனிமலைத் தொடரிலுள்ள கொடைக்கானலில் காலமானார். அவருடைய உடல் மலையிலிருந்து இறக்கப்பட்டு, தேரிக்காட்டு ஊராகிய இடையன்குடிக்குக் கொண்டுசெல்லப்பட்டு, அவர் எழுப்பிய கோயிலின் பலிபீடத்தருகே அடக்கம் செய்யப்பட்டது. கொடைக்கானல் அக்காலத்தில் மறைத்தொண்டர்களின் மலைவாழிடம். மதுரையிலிருந்த அமெரிக்க மறைத்தளத்தார், கோடை வெப்பத்திலும் நோயிலும் தம்மவர் பலரை இழந்த பின்னர், 1845இல் அங்கு முதல் வீடுகளைக் கட்டினர். அடுத்த அரை நூற்றாண்டில் தென்தமிழகத்துச் சீர்திருத்தத் திருச்சபைகளின் ஐரோப்பிய, அமெரிக்கத் தலைமை ஆண்டுதோறும் கூடும் இடமாக அது மாறியது. சமவெளியில் வெயிலில் நின்று சபைகளை நாள்தோறும் நடத்தியவர்கள் உள்நாட்டு உபதேசியார்கள்.

இந்த இடைவெளியைக் கருத்தில் கொள்ளாமல் திருநெல்வேலியில் நிகழ்ந்த பிரிவினையை விளங்கிக்கொள்ள இயலாது. கால்டுவெல்லின் ஒப்பிலக்கணத்தைப் போற்றும் தமிழுலகம், அவருடைய வேறொரு நூலை எதிர்த்து ஒரு சபையே பிறந்ததை அவ்வளவாகப் பேசுவதில்லை. அச்சபை ஞாயிற்றுக்கிழமையை நீக்கிச் சனிக்கிழமையை ஓய்வுநாளாகக் கொண்டது. தூபம் காட்டியது, பழைய ஏற்பாட்டின் தூய்மை விதிகளைக் கைக்கொண்டது, ஐரோப்பியக் குருத்துவத்தை மறுத்தது. கிறித்தவ வரலாற்றின் முதல் நூற்றாண்டுகளை அறிந்தவர் எவருக்கும் இச்செய்தி எபியோனியரையும் நசரேயரையும் நினைவூட்டும். அந்த நினைவூட்டல் எவ்வளவு தூரம் சரியானது என்பதே இங்கு ஆராயப்படுகிறது.

எருசலேமின் முதற்சபை

இயேசுவின் முதல் சீடர்கள் யூதர்கள். அவர்கள் ஆலயத்துக்குச் சென்றனர், ஓய்வுநாளைக் கடைப்பிடித்தனர், உணவு விதிகளைப் பேணினர். புறவினத்தார் பெருமளவில் இயேசு நெறிக்கு வந்தபோதுதான், அவர்கள் விருத்தசேதனம் செய்துகொண்டு திருச்சட்டத்தின் கீழ் வரவேண்டுமா என்னும் வினா எழுந்தது. கி.பி. 49ஐ ஒட்டி எருசலேமில் நடந்த கூட்டத்தை அப்போஸ்தலர் பணிகள் நூலின் 15ஆம் அதிகாரம் விவரிக்கிறது. சில விலக்குகளை மட்டும் கைக்கொண்டால் போதும் என்று அங்கு முடிவாயிற்று. ஆனால் பவுல் கலாத்தியருக்கு எழுதிய மடலில் காணும் அந்தியோக்கியாச் சச்சரவு, நடைமுறை அவ்வளவு எளிதாக இல்லை என்பதைக் காட்டுகிறது. புறவினத்தாரோடு ஒரே பந்தியில் உண்டுவந்த பேதுரு, யாக்கோபிடமிருந்து சிலர் வந்ததும் விலகிக்கொண்டார். பவுல் அவரை நேருக்கு நேர் கண்டித்தார். பந்தியில் யாரோடு யார் அமர்வது என்பதே திருச்சபையின் முதற்பெரும் பூசலுக்குப் பொருளாயிற்று என்பது தமிழ்நாட்டு வாசகருக்கு வியப்பாக இராது.

எருசலேம் சபையின் தலைவராயிருந்த, இயேசுவின் சகோதரர் எனப்படும் யாக்கோபு கி.பி. 62இல் தலைமைக் குரு அனனுவின் ஆணையால் கொல்லப்பட்டதை யூத வரலாற்றாசிரியர் யோசேப்பு குறிப்பிடுகிறார். கி.பி. 70இல் உரோமைப் படை ஆலயத்தை அழித்தது. அதற்கு முன்னரே எருசலேம் சபையார் யோர்தானுக்கு அப்பாலுள்ள பெல்லா நகருக்குப் பெயர்ந்தனர் என்று நான்காம் நூற்றாண்டினரான எவுசேபியு எழுதுகிறார். இச்செய்தியின் வரலாற்றுண்மையை ஐயுறும் ஆய்வாளரும் உளர். எவ்வாறாயினும், பிற்காலத்தில் யூதக் கிறித்தவப் பிரிவுகள் பேசப்படும் நிலப்பரப்பு யோர்தானின் கீழ்க்கரையும் சிரியாவுமே.

பிரிவுகளும் நம்பிக்கைகளும்

அவற்றுள் பெயர் பெற்றவர்கள் எபியோனியர். ஏழை என்னும் பொருளுடைய எபிரேயச் சொல்லின் அடியாகப் பிறந்த பெயர் இது. கி.பி. 180ஐ ஒட்டி எழுதிய இரேனேயு, இவர்கள் மத்தேயு நற்செய்தியை மட்டுமே ஏற்றனர், பவுலைத் திருச்சட்டத்தைக் கைவிட்டவர் என்று தள்ளினர், விருத்தசேதனம் செய்துகொண்டனர், எருசலேமைக் கடவுளின் இல்லம்போல் போற்றினர் என்கிறார். இயேசு யோசேப்புக்கும் மரியாவுக்கும் இயல்பாகப் பிறந்த மனிதர். திருச்சட்டத்தை நிறைவாகக் கடைப்பிடித்தமையால் மெசியாவாகத் தேர்ந்துகொள்ளப்பட்டவர் என்பது அவர்கள்பால் ஏற்றப்படும் கொள்கை. ஆனால் மூன்றாம் நூற்றாண்டின் ஒரிகன், எபியோனியரிலேயே கன்னிப்பிறப்பை ஏற்போரும் மறுப்போரும் என இரு வகையினர் இருந்ததாகச் சொல்கிறார். ஒரே பெயரின்கீழ்ப் பல குழுக்கள் இருந்தன என்பதற்கு இதுவே சான்று.

நான்காம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் சலாமிசு ஆயர் எபிபானியு எழுதிய பெருநூல் மேலும் சில செய்திகளைத் தருகிறது. அவர் அறிந்த எபியோனியர் புலால் உண்ணாதவர். இயேசு பலிகளை ஒழிக்க வந்தார் என்று அவர்களுடைய நற்செய்தி கூறியதாம். திருமுழுக்கு யோவான் வெட்டுக்கிளி உண்டார் என்பதையும் அவர்கள் ஏற்கவில்லை. வெட்டுக்கிளியைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லுக்கும் பணியாரத்தைக் குறிக்கும் சொல்லுக்கும் உள்ள ஒலியொப்புமையைப் பயன்படுத்தி, அவருடைய உணவைத் தேன்சுவையுள்ள பணியாரமாக மாற்றிக்கொண்டனர். புலால் மறுப்பு மறைநூலின் ஒரு சொல்லையே இவ்வாறு திருத்தியது. அவர்களுடைய நற்கருணையில் புளியாத அப்பமும் தண்ணீருமே இருந்தன, திராட்சைமது இல்லை. கிண்ணத்தில் தண்ணீர் மட்டுமே என்பதை இரேனேயுவும் இருநூறாண்டுகளுக்கு முன்னரே கண்டித்துள்ளார்.

நசரேயர் வேறு. கன்னிப்பிறப்பையும் இயேசுவின் இறைமகன் தன்மையையும் அவர்கள் ஏற்றனர். திருச்சட்டத்தை விடாமையே அவர்களைப் பிறரிடமிருந்து பிரித்தது. எரோனிமு அகுஸ்தீனுக்கு எழுதிய மடலொன்றில், யூதராகவும் கிறித்தவராகவும் ஒருங்கே இருக்க விரும்பும் இவர்கள் இரண்டுமாக இல்லை என்று தீர்ப்பளித்தார். அத்தீர்ப்பு பின்வந்த நூற்றாண்டுகளில் பலமுறை திருப்பிச் சொல்லப்பட்டது. தம்மை இரண்டும் என்று கருதியவர்களை இரண்டுமன்று என்று கூறும் உரிமை எவரிடமிருந்து வந்தது என்பதை எவரும் கேட்கவில்லை. எல்கசாயர் என்னும் மூன்றாம் பிரிவினர் திரும்பத் திரும்ப நீராடித் தூய்மை பெறுவதை வலியுறுத்தியவர்கள். மானி சமயத்தைத் தோற்றுவித்த மானி இத்தகைய நீராட்டுக் குழுவொன்றில் வளர்ந்தவர் என்பதை எகிப்திலிருந்து கிடைத்த ஒரு சிறு கிரேக்கச் சுவடி உறுதிப்படுத்தியுள்ளது.

எதிர்த்தரப்பின் சான்று

மேற்கூறிய செய்திகள் ஏறக்குறைய அனைத்தும் அப்பிரிவுகளைக் கண்டித்தோர் எழுதியவை. எபியோனியரின் நற்செய்தி எபிபானியு எடுத்துக்காட்டும் சிதறல்களாகவே எஞ்சியுள்ளது. தெர்த்துல்லியனும் எபிபானியும் எபியோன் என்று ஒரு தோற்றுநரையே கற்பித்துக்கொண்டனர். அப்படியொருவர் இருந்ததற்குச் சான்றில்லை. இன்னொரு செய்தி மேலும் கருதத்தக்கது. எருசலேம் சபையில் பிளவைத் தொடங்கியவர் தெபுதி என்பவர் என்றும், தாம் ஆயராக்கப்படாமையால் அவர் அவ்வாறு செய்தார் என்றும் இரண்டாம் நூற்றாண்டினரான எகேசிப்பு எழுதியதை எவுசேபியு பாதுகாத்துள்ளார். கொள்கை வேறுபாட்டுக்குத் தனிமனிதரின் பதவி ஏமாற்றமே காரணம் என்னும் இந்த விளக்கம் ஒரு வாய்பாடாகவே பின்னர் நிலைத்துவிட்டது.

தொடக்கத்தில் கண்டிப்பு இவ்வளவு கடுமையாக இல்லை. கி.பி. 160ஐ ஒட்டி எழுதிய யுஸ்தீன், பிறரை வற்புறுத்தாமல் தாமே திருச்சட்டத்தைக் கடைப்பிடிக்கும் கிறித்தவர் மீட்படைவர் என்றே கருதினார். அவ்வாறு கருதாதவரும் இருந்தனர் என்பதையும் மறைக்கவில்லை. நான்காம் நூற்றாண்டில் நிலை மாறியது. இலவோதிக்கேயா சங்கம் ஓய்வுநாளில் வேலையை நிறுத்தலாகாது என்று கிறித்தவருக்கு விதித்தது. 386, 387ஆம் ஆண்டுகளில் அந்தியோக்கியாவில் யோவான் கிறிசோஸ்தோம் யூத விழாக்களுக்குச் செல்லும் கிறித்தவரைக் கடிந்து தொடர் மறையுரைகள் ஆற்றினார். விதி தேவைப்பட்டது என்பதே, அவ்வழக்கம் நடைமுறையில் இருந்தது என்பதற்குச் சான்றாகும்.

இந்தியாவும் இவ்வரலாற்றின் விளிம்பில் தலைகாட்டுகிறது. அலெக்சாந்திரியாவின் பந்தேனு இந்தியாவுக்குச் சென்றபோது, பர்த்தலமேயு விட்டுச்சென்ற, எபிரேய எழுத்திலமைந்த மத்தேயு நற்செய்தியை அங்கு கண்டதாக எவுசேபியு கூறுகிறார். அந்த இந்தியா தென்னரேபியாவா, நம் மேற்குக் கடற்கரையா என்பதில் ஒருமித்த கருத்தில்லை. ஆகவே இச்செய்தியைக் கொண்டு தென்னிந்தியாவில் யூதக் கிறித்தவம் வேரூன்றியிருந்தது என்று நிறுவ முயல்வது பொருந்தாது. திருநெல்வேலிச் சபையை அந்த வேரிலிருந்து முளைத்ததாகக் காட்டுவது அதனினும் பொருந்தாது.

திருநெல்வேலியில் ஒரு நூலும் ஒரு பிரிவினையும்

கால்டுவெல் 1838இல் சென்னைக்கு வந்து, 1841இல் இடையன்குடியில் பணியேற்றார். 1849இல் சென்னையில் அவருடைய சிறுநூலொன்று ஆங்கிலத்தில் வெளியாயிற்று. பனையேறும் தொழிலோடு தொடர்புடைய, இன்று நாடார் என வழங்கும் சமூகத்தாரின் சமயத்தையும் ஒழுக்கத்தையும் அது விவரித்தது. இழிவாகக் கருதப்பட்ட பழம்பெயரையே தலைப்பில் தாங்கிய அந்நூல், இங்கிலாந்திலுள்ள ஆதரவாளர்கள் படிப்பதற்காக எழுதப்பட்டது. தாம் எவரைப் பற்றி எழுதினாரோ அவர்களுள் ஆங்கிலம் கற்றவர்கள் விரைவில் உருவாவர் என்பதைக் கால்டுவெல் எதிர்பார்த்ததாகத் தெரியவில்லை.

அவ்வாறு கற்றவருள் ஒருவர் அருமைநாயகம். ஜி. யு. போப் சாயர்புரத்தில் நிறுவிய கல்விச்சாலையில் பயின்றவர். சட்டம்பிள்ளை என்னும் பெயராலேயே வரலாற்றில் அறியப்படுகிறார். நற்செய்தி பரப்பும் சங்கத்தின் நாசரேத் மறைத்தளத்தில் உபதேசியாராகப் பணியாற்றிய இவர், அத்தளத்தின் தலைவரான காம்மரருடன் முரண்பட்டு 1850இல் நீக்கப்பட்டார். பின்னர்க் கால்டுவெல்லின் நூற்செய்தியைத் தம் மக்களிடையே பரப்பி, அதனை மறுத்து எழுதினார். நாடார் கிறித்தவரிடையே எழுந்த கொதிப்பு 1857இல் தனிச்சபையாக உருப்பெற்றது. ஆண்டவர் இயேசுவின் இந்து சபை என்பது அதன் பெயர். ஏக இரட்சகர் சபை என்றும் வழங்கும்.

இதற்கு முன்னுதாரணம் ஒன்றும் இருந்தது. 1835இல் திருச்சபை மறைத்தூதுச் சங்கத்தால் நீக்கப்பட்ட ரேனியுசின் பின்னே திருநெல்வேலிச் சபைகள் பல சென்றன. 1838இல் அவர் இறந்த பின்னரே பிளவு ஆறியது. ஆனால் அங்கு தலைவர் ஓர் ஐரோப்பியர். 1857இல் தலைவரும் தமிழர், மூப்பரும் தமிழர், வாதத்தின் கருவிகளும் தமிழ் மறைநூலிலிருந்தே எடுக்கப்பட்டவை.

காலச்சூழலையும் கருதுதல் வேண்டும். அண்டையிலிருந்த திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் மேலாடை அணியும் உரிமைக்கான பூசல் 1859 வரை நீடித்தது. கோயில் நுழைவு மறுக்கப்பட்ட ஒரு சமூகம் கிறித்தவத்தில் மதிப்பைத் தேடியபோது, அதே கிறித்தவத்தின் ஆசிரியரொருவர் தம்மை இழித்து எழுதியதைக் கண்டது. மதிப்பையும் விடாமல், இயேசுவையும் விடாமல் செல்வதற்கு எவ்வழி உண்டு என்பதே அவர்கள் முன்னின்ற வினா.

சனிக்கிழமையும் சாம்பிராணியும்

சட்டம்பிள்ளை கண்ட வழி பழைய ஏற்பாடு. இயேசு ஆசியாவில் பிறந்தவர். அவர் கடைப்பிடித்த நெறியில் ஐரோப்பியர் தம் வழக்கங்களைக் கலந்துவிட்டனர். அவற்றை நீக்கினால் எஞ்சுவது மோசேயின் திருச்சட்டத்தோடு இயைந்த நெறி. அந்நெறியோ இந்துக்களின் தூய்மை ஒழுக்கங்களோடு பெரிதும் ஒத்தது என்பது அவர் வாதத்தின் போக்கு. இதன்படி சனிக்கிழமை ஓய்வுநாளாயிற்று. வழிபாட்டில் தூபம் இடம்பெற்றது. நெடுஞ்சாண்கிடையாக விழுந்து வணங்குதல், முதற்பலன்களைப் படைத்தல், மாதவிலக்குக் காலத்துப் பெண்கள் விலகியிருத்தல் ஆகியன மறைநூல் விதிகளாகவே கொள்ளப்பட்டன. குழந்தைத் திருமுழுக்கு விடப்பட்டது. திருநிலைப்படுத்தப்பட்ட குருமார் தேவையில்லை எனப்பட்டது. நற்கருணையில் புளித்த மதுவுக்கு மாற்றாகப் புளியாத திராட்சைச்சாறு பயன்பட்டது.

இவற்றுள் தூய்மை விதி தனியே நோக்கத்தக்கது. சீர்திருத்தத் திருச்சபையார் லேவியராகமத்தைக் காலாவதியான சட்டமாகவே கற்பித்தனர். தமிழ் வாசகருக்கோ அந்நூலில் தம் வீட்டு வழக்கம் தெரிந்தது. தீட்டு, நீராட்டு, விலக்கு நாள்கள், முதல் விளைச்சலைப் படைத்தல் ஆகியவற்றை மூடவழக்கம் என்று மறைத்தொண்டர் விலக்கச் சொன்னபோது, அவர் கையிலிருந்த நூலே அவற்றை இறைக்கட்டளையாகக் கூறியது. பழைய ஏற்பாடு முழுமையும் பதினெட்டாம் நூற்றாண்டிலேயே தமிழில் அச்சாகியிருந்தமையால் இவ்வாதம் உபதேசியாரோடு நிற்கவில்லை; எழுத்தறிந்த எவரும் அதனைச் சரிபார்க்க முடிந்தது. அதே வேளையில், பெண்களை விலக்கும் வழக்கத்துக்கு மறைநூல் அரண் கிடைத்ததும் இதன் மறுபக்கம். மதிப்பை மீட்கும் முயற்சியின் சுமையில் ஒரு பங்கு பெண்கள்மேல் ஏற்றப்பட்டது என்பதை மறைப்பதற்கில்லை.

1884இல் சட்டம்பிள்ளை வெளியிட்ட 'ரூத்தம்மாவை' இதனை மேலும் தெளிவாக்கும். ரூத்து நூலுக்கு எழுதிய விளக்கங்களின் வழியே இந்துப் பெண்களின் கற்பொழுக்கத்தை உயர்த்தி, ஐரோப்பியரின் ஒழுக்கத்தை அவர் குறைகூறினார். கால்டுவெல் ஒழுக்கம் என்னும் அளவுகோலைக் கொண்டு அளந்தார். சட்டம்பிள்ளை அதே கோலைத் திருப்பிப் பிடித்தார். அவர் தேர்ந்துகொண்ட நாயகி மோவாபியப் பெண், பிறப்பால் இஸ்ரவேலுக்குப் புறத்தவள். அவளே தாவீதின் குலத்துக்கு மூதாட்டியானாள். புறத்திலிருந்து திருச்சட்டத்துக்குள் வருவோர்க்கு இதனினும் பொருத்தமான கதை பழைய ஏற்பாட்டில் வேறில்லை.

ஒப்புமையின் எல்லை

எபியோனியரின் தண்ணீர்க் கிண்ணமும் பிரகாசபுரத்தின் புளியாத சாறும், நசரேயரின் ஓய்வுநாளும் சட்டம்பிள்ளையின் சனிக்கிழமையும் தோற்றத்தால் ஒத்தவை. எனினும் அடிப்படையில் ஒரு வேறுபாடு உண்டு. எபியோனியரும் நசரேயரும் தாம் பிறந்த சட்டத்தை விடமறுத்தவர்கள். திருநெல்வேலியார் தம்முடையதல்லாத சட்டத்தைத் தேடி எடுத்துக்கொண்டவர்கள். ஆகவே அவர்களுக்கு நேரான முன்னோரைப் பெல்லாவிலன்று, கலாத்தியாவிலும் கிறிசோஸ்தோமின் அந்தியோக்கியாவிலும் தேடுதல் வேண்டும். இயேசுவின் வழியே வந்து மோசேயையும் விரும்பிய புறவினத்தார் அங்கிருந்தவர்கள். ஆய்வுலகம் யூதக் கிறித்தவர், யூதநெறி தழுவிய புறவினத்தார் என்று பிரித்துப் பேசும் இரு வகையினருள் பிரகாசபுரத்தார் இரண்டாம் வகையைச் சார்ந்தவர். கிறித்துவின் இயல்பு பற்றி எபியோனியருக்கும் பெருந்திருச்சபைக்கும் நிகழ்ந்த வழக்கும் இங்கு மையமாகவில்லை. இங்கு வழக்கு அதிகாரம் பற்றியது. எவருடைய வழக்கம் கிறித்தவ வழக்கம் என்பது பற்றியது.

ஆயினும் சான்றுகளின் தன்மை பற்றிய பாடத்தில் இரண்டும் நெருங்கி வருகின்றன. மறைத்தளத்தார் எழுத்துகளில் இப்பிரிவினை பெரும்பாலும் நீக்கப்பட்ட உபதேசியார் ஒருவரின் மனக்குறையாகவும் சாதிப் பெருமிதமாகவும் சுருங்கிவிடுகிறது. எகேசிப்பு தெபுதியைப் பற்றிச் சொன்னதற்கும் இதற்கும் வேற்றுமை சிறிதே. தெபுதியின் மறுமொழி நமக்குக் கிடைக்கவில்லை. சட்டம்பிள்ளையின் மறுமொழி கிடைத்துள்ளது. 'ரூத்தம்மாவை'யும், இந்து கிறித்தவக் கோட்பாடுகளைச் சுருக்கிக் கூறும் 1890ஆம் ஆண்டு ஆங்கிலச் சிறுநூலும் அவர் ஒரு கோட்பாட்டாளர் என்பதைக் காட்டுகின்றன. பதவியிழப்பு உண்மை, சாதி மதிப்பு பற்றிய வேட்கையும் உண்மை. ஆனால் அவற்றோடு நின்றிருந்தால் சனிக்கிழமையும் லேவியராகமமும் தேவைப்பட்டிரா. இதனை ஒய். வின்சென்ட் குமாரதாஸ் முதலான ஆய்வாளர்கள் அண்மைக் காலத்தில் வலியுறுத்தியுள்ளனர். எபியோனியர் பற்றி இரேனேயு எழுதியதைப் படிக்கும்போதும், அவர்களுடைய 'ரூத்தம்மாவை' ஒன்று தொலைந்து போயிருக்கலாம் என்னும் எண்ணத்தோடு படிப்பது நலம்.

கால்டுவெல்லின் நூலுக்கு எதிர்ப்பு 1857உடன் முடியவில்லை. 1877இல் அவர் ஆயரான பின்னரும், 1880களில் சாமுவேல் சற்குணர் முதலானோர் அதனை மறுத்து நூல்கள் எழுதினர். அவர்கள் பெருந்திருச்சபைக்குள்ளிருந்தே எழுதியவர்கள் என்பது நினைவிற்கொள்ளத்தக்கது. 1886இல் சென்னையில் மருத்துவர் பழனி ஆண்டி தேசியத் திருச்சபையைத் தோற்றுவித்தார். ஐரோப்பியப் பிரிவுகள் இந்தியருக்கு வேண்டா என்பதில் அவரும் சட்டம்பிள்ளையோடு ஒத்தவர். திருச்சட்டத்தின் பக்கம் அவர் செல்லவில்லை.

சட்டம்பிள்ளை இருபதாம் நூற்றாண்டின் இரண்டாம் பத்தாண்டு வரை வாழ்ந்தார். அவர் வாழ்நாளிலேயே ஏழாம்நாள் வருகை சபையைச் சார்ந்த அமெரிக்க மறைத்தொண்டர்கள், சனிக்கிழமையைக் கைக்கொள்ளும் தமிழ்க் கிறித்தவர் இருப்பதை அறிந்து பிரகாசபுரத்துக்கு வந்து பணி தொடங்கினர். அவர்கள் அங்கு ஒரு பள்ளியையும் நிறுவினர். சிலர் அவர்களோடு சேர்ந்தனர். ஏக இரட்சகர் சபையோ தனியே தொடர்ந்தது. இரு சாராரும் ஒரே நாளில் கடையடைத்து ஒரே கட்டளையைப் படித்தனர். ஒரு சாரார்க்கு அந்நாள் அமெரிக்காவில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் மீண்டும் கண்டெடுக்கப்பட்டது. மற்றவர்க்கு அது ஐரோப்பியர் மறைத்ததைத் தம் ஊர் உபதேசியார் ஒருவர் மீட்டுக் கொடுத்த நாள்.